வாசகர் கேள்வி - பதில்: பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த வருஷம் எங்கே ஆடுவார்?

அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ. கூடைப்பந்தில் திறமை இருந்தும் களமிறங்க வாய்ப்பில்லாத வீரர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஒரே கவலைதான்: "இவரை வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா?"

கேள்வி: நான் ஆர்வமாகப் பார்க்கும் வீரர் டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர். இது அவருக்கு 3வது சீசன். முதல் 30 ஆட்டங்களில் 11 தடவைதான் இறக்கினார்கள், அதுவும் நாலைந்து நிமிஷம். 15 பேருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு ஏன் பாதிப் பேரை உட்காரவைக்கிறார்கள்?

பதில்: ஓர் ஆட்டம் 48 நிமிஷம். களத்தில் ஒரு நேரத்தில் 5 பேர். ஆக, கோச்சின் கையில் இருப்பது மொத்தம் 240 நிமிஷம். தொடக்க ஐவருக்குச் சராசரியாக 32 நிமிஷம் என்று வையுங்கள், 160 போய்விட்டது. மீதி 80 நிமிஷத்தை நாலு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 20. ஒன்பது பேரோடு கணக்கு முடிந்தது. 10வது ஆள் உள்ளே வரவேண்டுமானால் யாருக்காவது கணுக்கால் பிசகவேண்டும், அல்லது முதல் பாதியிலேயே ஒருவர் மூன்று ஃபவுல் வாங்கவேண்டும்.

ஆனால் உங்கள் வீரர் அணியில் எத்தனையாவது ஆள் என்பதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அவருடைய இடத்தில் அவருக்கு முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் வயது, ஒப்பந்தம் முடியும் வருஷம். முன்னால் நிற்பவருக்கு 33 வயது, ஒப்பந்தம் இந்தக் கோடையில் முடிகிறது என்றால் பொறுத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. முன்னால் நிற்பவருக்கு 25 வயது, இன்னும் நாலு வருஷ ஒப்பந்தம் என்றால் அந்த ஊரில் அவருக்குக் கதவு மூடிவிட்டது. அவர் எவ்வளவு நன்றாகப் பயிற்சி செய்தாலும் அது மாறாது.

இன்னொன்று. கோச்சுக்கு இன்று ராத்திரி ஜெயிக்கவேண்டும். தோற்றால் முதலில் வேலை போவது அவருக்கு. பொதுமேலாளரோ மூன்று வருஷம் தள்ளிப் பார்ப்பவர். டிராஃப்டில் அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். இந்த இரண்டு பேரும் ஒரே வீரரை இரண்டு கண்ணோட்டத்தில் பார்க்கிறார்கள். பெஞ்சில் இருக்கும் இளைஞர்களின் கஷ்டத்தில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கேள்வி: ஆட்டக் குறிப்பில் பெயருக்கு நேரே "ஆடவில்லை, கோச்சின் முடிவு" என்று போடுகிறார்களே, அதைப் பார்த்தால் நம்பிக்கையே போய்விடுகிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: காயம் இல்லை, உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, கோச் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் அதன் பொருள். ஒரு தடவை வந்தால் ஒன்றுமில்லை; எதிரணியின் உயரத்துக்கு ஏற்ப ஆளை மாற்றியிருக்கலாம். தொடர்ந்து பத்து ஆட்டம் வந்தால் அது தகவல்.

எத்தனை நிமிஷம் ஆடினார் என்பதைவிட எப்போது இறங்கினார் என்று பாருங்கள். முதல் கால்பகுதியின் கடைசி நாலு நிமிஷத்திலோ இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்திலோ வந்தால், கோச்சின் திட்டத்தில் அவர் இருக்கிறார். 25 புள்ளி வித்தியாசத்தில் கடைசி மூன்று நிமிஷம் வந்தால், அது மற்றவர்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காக. அதில் அவர் எட்டுப் புள்ளி அடித்தாலும் யாரும் குறித்துக்கொள்வதில்லை.

வெளியே எடுக்கும் விதத்தையும் பாருங்கள். ஆறு நிமிஷம் ஆடி, வழக்கமான இடைவேளையில் வெளியே வந்தால் சரி. இறங்கி ஒன்றரை நிமிஷத்தில், ஒரு தடுப்புப் பிழைக்குப் பிறகு அடுத்த விசிலிலேயே தூக்கினால், அந்தப் பிழையைப் பற்றி முன்பே பலமுறை பேசியாகிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, அவருடைய இடத்தில் ஆடும் முக்கிய வீரர் காயத்தில் இருக்கும் நாள். அந்த நிமிஷங்கள் யாருக்குப் போகின்றன? உங்கள் வீரருக்கு வந்தால் அவர் வரிசையில் அடுத்தவர். அவரைத் தாண்டி, சின்ன ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவருக்குப் போனால், அந்த அணி மனத்தளவில் அவரைக் கழித்துவிட்டது.

கேள்வி: சம்மர் லீகில் (கோடையில் இளம் வீரர்களுக்காக நடக்கும் போட்டி) 20, 25 புள்ளி அடிக்கிறார். ஆனாலும் "தடுப்பில் நம்ப முடியவில்லை" என்கிறார்கள். அப்படி எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?

பதில்: மூன்று விநாடிக் காட்சி ஒன்றைப் பார்ப்போம். பந்து இடப்பக்கம் இருக்கிறது. உங்கள் வீரர் வலது மூலையில் நிற்கும் எதிரியைக் காவல் காக்கிறார். இடப்பக்கம் ஒரு ஸ்க்ரீன், அதாவது பந்துக்காரரைக் காப்பவரின் வழியை மறித்து ஒருவர் நிற்பது. பந்துக்காரர் அதைச் சுற்றி வருகிறார், ஸ்க்ரீன் போட்ட உயரமானவர் கூடையை நோக்கி உருண்டு ஓடுகிறார். அவரை மறிக்கவேண்டியது உங்கள் வீரர். தன் ஆளை விட்டுவிட்டுக் கூடைக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும், பாஸ் கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால். அங்கேயே நின்றுகொண்டும் இருக்க முடியாது. யாரையும் நெருங்கிக் காக்காமல் அந்தப் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் விதிமீறல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்).

இப்போது பந்து மூலைக்குப் பறக்கிறது. அவர் திரும்பத் தன் ஆளிடம் ஓடவேண்டும். ஓடினால் மட்டும் போதாது. கடைசி இரண்டு மூன்று அடியைச் சின்னதாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி நிற்கவேண்டும். வேகத்தைக் குறைக்காமல் பாய்ந்தால் எதிரி ஷாட் போடுவதுபோல் ஏமாற்றிவிட்டுப் பக்கத்தில் நழுவிப் போய்விடுவான். பிறகு அணியின் மொத்தத் தடுப்பும் குலையும். மெதுவாக வந்தால் 22 அடியிலிருந்து தடையில்லாத மூன்று புள்ளி ஷாட். மற்ற இடங்களில் மூன்று புள்ளிக் கோடு 23 அடி 9 அங்குலம். மூலையில்தான் தூரம் குறைவு. அதனால்தான் எல்லா அணியும் பந்தை அங்கே அனுப்பப் பார்க்கிறது.

இளைஞர்கள் தவறுவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே. பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தன் ஆள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்திருப்பது தெரியாது. அரை அடி தாமதம். ஆட்டக் குறிப்பில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. கோச் மறுநாள் வீடியோவில் நிறுத்திக் காட்டுவது இதைத்தான். அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் ஐந்து தடவை தொடர்ந்து பாருங்கள், அவருக்கு ஏன் நிமிஷம் கிடைக்கவில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அல்லது அநியாயம் நடக்கிறது என்பது தெரியும், அதுவும் நடப்பதுண்டு.

தாக்குதலில் கேட்பது இன்னும் எளிது. சம்மர் லீகில் பந்து அவர் கையில் இருந்தது. இங்கே நட்சத்திரத்தின் கையில் இருக்கும். இவர் மூலையில் தயாராக நின்று, வந்த பந்தைத் தயங்காமல் போடவேண்டும். இவர் ஷாட்டுக்கு யாரும் பயப்படவில்லை என்றால், இவரைக் காப்பவர் இவரை விட்டுவிட்டு நட்சத்திரத்தின் வழியில் போய் நிற்பார். அப்போது இவர் களத்தில் இருப்பதே அணிக்குப் பாரம்.

கேள்வி: 36 நிமிஷக் கணக்கில் பார்த்தால் என் வீரர் 22 புள்ளி அடிக்கிறார்! இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பதில்: அடித்த புள்ளியை ஆடிய நிமிஷத்தால் வகுத்து 36ஆல் பெருக்குவதுதான் அந்தக் கணக்கு. மொத்தமே 90 நிமிஷம் ஆடியவருக்கு இதைப் போட்டால், முடிந்துபோன ஆட்டங்களில் களைத்த எதிரிகள்மேல் அடித்ததைத்தான் பெருக்குகிறீர்கள். 500 நிமிஷமாவது தாண்டட்டும். அதற்கு முன்னால் ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), பிளாக் (எதிரியின் ஷாட்டைத் தட்டிவிடுவது), ஃப்ரீ த்ரோ சதவீதம் இவற்றை ஓரளவு நம்பலாம். மூன்று புள்ளிச் சதவீதத்தை நம்ப நூற்றுக்கணக்கான முயற்சிகள் வேண்டும்.

கேள்வி: ரூக்கி (புது வீரர்) ஒப்பந்தம் நாலு வருஷம் என்கிறார்கள். அப்படியானால் நாலு வருஷம் வேலைக்கு உறுதி உண்டுதானே?

பதில்: இல்லை. முதல் சுற்று வீரருக்கு முதல் இரண்டு வருஷம்தான் உறுதி. 3வது வருஷமும் 4வது வருஷமும் அணியின் விருப்பம். இதில் பலர் கவனிக்கத் தவறுவது தேதி. 3வது வருஷத்துக்கான முடிவை, 2வது சீசன் தொடங்கிய சில நாளில், அக்டோபர் 31க்குள் அணி சொல்லிவிடவேண்டும். 4வது வருஷத்துக்கு, 3வது சீசனின் அக்டோபர் 31. அதாவது ஒரு வருஷம் முன்கூட்டியே. உங்கள் வீரர் இந்த சீசனில் எப்படி ஆடுவார் என்று பார்க்காமலே அடுத்த சீசனின் விதி எழுதப்பட்டுவிடுகிறது.

அணி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த சீசன் முழுக்க அவர் ஆடியாகவேண்டும், கோடையில் எந்தக் கட்டும் இல்லாமல் வெளியே வருவார். இங்கே ஒரு விதி உண்டு: வேண்டாம் என்ற அணி பிறகு மனம் மாறினாலும், அந்தக் கோடையில் தான் மறுத்த தொகைக்கு மேல் முதல் வருஷச் சம்பளம் தரமுடியாது. நடுவில் டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) ஆகிப் போனால் அந்தக் கட்டுப்பாடு புது அணிக்கும் தொற்றிக்கொள்ளும்.

ஜேலன் ஸ்மித் விஷயத்தில் இது அப்படியே நடந்தது. 2020 டிராஃப்டில் 10வதாக ஃபீனிக்ஸ் எடுத்தது. 2021இல் இறுதிச் சுற்று வரை போன அணி, அவருக்கு இடமில்லை. அந்த அக்டோபரில் 3வது வருஷத்தை மறுத்தார்கள். 2022 பிப்ரவரியில் இந்தியானாவுக்கு டிரேட். அங்கே நிமிஷம் கிடைத்ததும் நன்றாக ஆடினார். இந்தியானா வைத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் ஃபீனிக்ஸ் மறுத்த சுமார் 47 லட்சம் டாலரே அவர்களுக்கும் உச்சவரம்பு. அவர் அதற்கே ஒப்புக்கொண்டு அங்கேயே இருந்தார்.

ஆகவே அக்டோபர் 31 அன்று வரும் ஒற்றை வரி அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். 4வது வருஷத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கண்டு ரொம்பவும் மகிழவும் வேண்டாம். டிரேடில் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒரு சம்பளம் கையில் இருக்கட்டும் என்றும் ஏற்பதுண்டு.

கேள்வி: நாலு வருஷம் முடிந்தபிறகு "குவாலிஃபையிங் ஆஃபர்" என்று ஒன்று வருகிறதே, அதை வாங்கிக்கொள்வது நல்லதா, கெட்டதா?

பதில்: 3வது சீசன் முடிந்த கோடையில் நீட்டிப்புப் பேச்சு நடக்கும், புது சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை அவகாசம். அதில் உடன்பாடு இல்லையென்றால், 4வது சீசன் முடிந்ததும் அணி ஒரு வருஷச் சம்பளம் தர முன்வரும். அதுதான் குவாலிஃபையிங் ஆஃபர். அதைக் கொடுத்த அணிக்கு ஓர் உரிமை கிடைக்கிறது: வேறு அணி என்ன தொகை கொடுத்தாலும் அதே தொகையைத் தானும் கொடுத்து வீரரைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

பெஞ்சில் இருந்தவருக்கு இங்கே இரண்டாவது அடி. ஒரு சீசனில் 41 ஆட்டம் தொடக்க வரிசையில் ஆடியிருக்கவேண்டும் அல்லது 2,000 நிமிஷம் ஆடியிருக்கவேண்டும்; கடைசி இரண்டு சீசனின் சராசரியாகவும் பார்ப்பார்கள். இது இல்லையென்றால் டிராஃப்டில் மேலே எடுக்கப்பட்டவருக்கும் தொகை 15வது இடத்துக்காரரின் அளவுக்கு இறங்கிவிடும். கோச் கொடுக்காத நிமிஷம் நேராக வீரரின் பணத்தைக் குறைக்கிறது.

ஜொனாதன் குமிங்கா 2021இல் 7வதாக கோல்டன் ஸ்டேட் எடுத்தவர். 2024-25 சீசனில் கணுக்கால் காயம், பிப்ரவரியில் ஜிம்மி பட்லர் வந்து சேர்ந்தார், குமிங்காவின் நிமிஷம் சுருங்கியது. 2025 கோடையில் அவருக்கு வந்த ஆஃபர் சுமார் 79 லட்சம் டாலர். அதை வாங்கினால் ஒரு வருஷத்தில் முழு விடுதலை. கூடவே, அந்த ஒரு வருஷம் தன் சம்மதம் இல்லாமல் தன்னை டிரேட் செய்யவிடாமல் தடுக்கும் அதிகாரம். வாங்காவிட்டால் அணியோடு பேரம். செப்டம்பர் கடைசி வரை இழுத்து, முதல் வருஷம் 2.25 கோடி டாலர், இரண்டாவது வருஷம் அணியின் விருப்பம் என்று முடிந்தது. பணம் மூன்று மடங்கானது. அடுத்த வருஷத்தை முடிவுசெய்யும் உரிமை அணியிடம் போனது, டிரேடைத் தடுக்கும் அதிகாரமும் போனது.

எது நல்லது? முட்டியோ முதுகோ ஏற்கெனவே தொந்தரவு கொடுத்தவர் அந்த ஒரு வருஷ ஆஃபரில் கையெழுத்துப் போடக்கூடாது. ஒரு பெரிய காயம் வந்தால் எல்லாம் போய்விடும். உடம்பு திடமாக இருந்து, வேறு அணியில் நிச்சயம் நிமிஷம் கிடைக்கும் என்றால் யோசிக்கலாம். பெரும்பாலானவர்கள் வாங்காமல் பேரம் பேசுவதே சரி என்பது எங்கள் கருத்து.

கேள்வி: "என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டால் என்ன?

பதில்: அபராதம் வரும். 1,50,000 டாலர் வரை விதிக்கலாம். அந்தோனி டேவிஸின் ஏஜென்ட் 2019 ஜனவரியில் வெளிப்படையாகக் கேட்டதற்கு டேவிஸுக்கு 50,000 டாலர் அபராதம். அவர் நட்சத்திரம், அவரால் முடிந்தது. பெஞ்சில் இருப்பவர் கேட்டால் அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம், அவரை வாங்க நினைக்கும் அணிகள் விலையைக் குறைக்கும். ஏஜென்ட் அறைக்குள் கேட்பதுதான் முறை. நல்ல ஏஜென்ட் "அனுப்புங்கள்" என்பதோடு நிறுத்தாமல், இந்த இரண்டு அணிக்கு இவர் தேவை, அவர்களிடம் உங்களுக்குத் தேவையானது இது என்று டிரேடையே வரைந்து கொண்டுபோய்க் கொடுப்பார்.

டிரேடில் சம்பளங்கள் ஏறக்குறையப் பொருந்தவேண்டும் என்பதால் குறைந்த சம்பள வீரர் நகர்வது எளிது. ஆனால் சம்பளச் செலவு மிக அதிகமான அணிகள், இரண்டாவது ஏப்ரன் எனும் எல்லையைத் தாண்டியவை, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்க முடியாது. அங்கே பெஞ்சில் மாட்டிக்கொண்டவருக்கு வழி குறுகல்.

நாள் பார்க்கவேண்டுமானால் டிசம்பர் 15: கோடையில் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலானோரை அன்றிலிருந்துதான் டிரேட் செய்யலாம். சிலருக்கு ஜனவரி 15. டிரேடின் கடைசி நாள் பிப்ரவரி முதல் வாரத்தை ஒட்டி வரும். 2025இல் பிப்ரவரி 6.

கேள்வி: அந்த நாளும் கடந்துவிட்டது. இனி என்ன?

பதில்: பைஅவுட். சம்பளத்தில் ஒரு பகுதியை வீரர் விட்டுக்கொடுக்க, அணி அவரை விடுவிக்கும். விடுவித்ததும் 48 மணி நேரம் வெய்வர் எனும் காத்திருப்பில் இருப்பார். அதற்குள் வேறு அணி கேட்டால் பழைய ஒப்பந்தம் அப்படியே அவர்களுக்குப் போகும். பல அணிகள் கேட்டால் வெற்றிப் பட்டியலில் கீழே இருக்கும் அணிக்கே முதல் உரிமை. யாரும் கேட்காவிட்டால் விரும்பிய அணியில் சேரலாம். மார்ச் 1க்குள் விடுவிக்கப்பட்டிருக்கவேண்டும், இல்லையென்றால் வேறு அணிக்காக பிளே ஆஃபில் (வழக்கமான சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) ஆட முடியாது. தன்னை டிரேடில் அனுப்பிய அணிக்கே, பைஅவுட் வாங்கிக்கொண்டு உடனே திரும்பி வரவும் முடியாது.

ஆனால் மூத்த வீரர்களுக்குப் பொருந்துவது 22 வயதுக்காரருக்குப் பொருந்தாது. அவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வெளியே வந்தால், ஒரு அணியோடு தொடர்ந்து இருப்பதால் சேரும் உரிமைகளை இழக்கிறார். டிரேடில் போனால் அந்த உரிமைகள் கூடவே போகும். இளையவருக்கு டிரேடுதான் நல்லது.

வெய்வர் என்றதும் ஜெரமி லின் நினைவுக்கு வராமல் இருக்காது. 2011 டிசம்பரில் கோல்டன் ஸ்டேட் விட்டது, ஹூஸ்டன் எடுத்தது, அவர்களும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விட்டார்கள், நியூயார்க் எடுத்தது. 2012 பிப்ரவரி 10 வரை அவர் சம்பளத்துக்கு உறுதி இல்லை; அதற்குள் விட்டுவிடலாமா என்று அணி யோசித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 4 அன்று, வேறு ஆள் இல்லாததால் இறங்கி 25 புள்ளி அடித்தார். 10ஆம் தேதி லேக்கர்ஸுக்கு எதிராக 38. அந்தக் கோடையில் ஹூஸ்டன் மூன்று வருஷத்துக்கு சுமார் 2.5 கோடி டாலர் கொடுத்தது. விட்டவர்களே.

கேள்வி: ஜி லீகுக்கு (என்.பி.ஏ.வுக்குக் கீழே வீரர்களை வளர்க்கும் லீக்) அனுப்பினால் அது தண்டனைதானே?

பதில்: சம்பளம் குறைவதில்லை, அணியிலிருந்து நீக்கமும் இல்லை. முதல் மூன்று சீசனுக்குள் இருப்பவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பி அழைக்கலாம். அதற்குமேல் அனுபவம் உள்ளவரை அவர் சம்மதத்தோடுதான். டொராண்டோ இதைச் சரியாகச் செய்தது. 2016இல் 27வதாக எடுத்த பாஸ்கல் சியாக்கமையும், டிராஃப்டில் யாருமே எடுக்காத ஃப்ரெட் வான்வ்லீட்டையும் தங்கள் ஜி லீக் அணியான ராப்டர்ஸ் 905இல் ஆடவைத்தார்கள். 2017இல் அந்த அணி கோப்பை வென்றது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் சியாக்கம். 2019இல் டொராண்டோ என்.பி.ஏ. கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில் சியாக்கம் 26, வான்வ்லீட் 22.

கவனிக்கவேண்டியது, அங்கே அவரை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது. பெரிய அணியில் மூலையில் நிற்கவேண்டியவருக்கு அங்கே பந்தைக் கொடுத்து 30 ஷாட் போடவிட்டால் பயிற்சி வீண். பெரிய அணியின் அதே திட்டத்தில், அதே இடத்தில் ஆடவிட்டால் அவரை வளர்க்கிறார்கள்.

பெரிய அணிக்கும் ஜி லீகுக்கும் இடையே மாறி ஆடும் டூ வே ஒப்பந்தம் வேறு. அணிக்கு மூன்று பேர், ரூக்கிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி, பெரிய அணியோடு அதிகபட்சம் 50 ஆட்டம், வழக்கமான ஒப்பந்தமாக மாற்றாவிட்டால் பிளே ஆஃப் கிடையாது. சீசன் கடைசியில் ஒருவரை அப்படி மாற்றினால் அது உண்மையான நம்பிக்கை.

கேள்வி: காத்திருந்து ஜெயித்தவர்கள் உண்டா? அல்லது சீக்கிரம் கிளம்பிவிடுவதுதான் புத்திசாலித்தனமா?

பதில்: இரண்டும் உண்டு. பேட்டன் பிரிச்சர்டை 2020இல் பாஸ்டன் 26வதாக எடுத்தது. 2022-23இல் அவருக்கு முன்னால் மார்கஸ் ஸ்மார்ட், டெரிக் வைட், மால்கம் பிராக்டன். ஆட்டத்துக்கு 13 நிமிஷம் கிடைத்தால் பெரிது. 2023 கோடையில் ஸ்மார்ட்டும், சீசனுக்குச் சற்று முன்னால் பிராக்டனும் டிரேடில் போனார்கள். சில நாளில் பிரிச்சர்ட் நாலு வருஷத்துக்கு 3 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்திட்டார். 2024-25இல் பெஞ்சிலிருந்து வந்து ஆடுபவர்களில் சிறந்தவருக்கான ஆறாவது ஆள் விருது. முதல் பதிலில் எழுதச் சொன்ன தாளில், முன்னால் நின்ற இரண்டு பெயர் அழிந்தது. அதுதான் நடந்தது.

ஜெர்மைன் ஓ'நீலுக்கு நேர்மாறு. 1996இல் பள்ளியிலிருந்து நேராக வந்து போர்ட்லண்டில் நாலு வருஷம் பெஞ்ச். முன்னால் ரஷீத் வாலஸ், அர்வீதாஸ் சபோனிஸ், பிரையன் கிராண்ட். சராசரி நாலு புள்ளிக்கு அக்கம்பக்கம். 2000 ஆகஸ்டில், அனுபவசாலி டேல் டேவிஸுக்கு ஈடாக இந்தியானாவுக்குக் கொடுத்தார்கள். முதல் சீசனிலேயே 12.9 புள்ளி, 9.8 ரீபவுண்ட். பிறகு ஆறு முறை ஆல் ஸ்டார் (நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு). ஆள் மாறவில்லை, நிமிஷம் மாறியது.

இடமாற்றம் எல்லாரையும் காப்பாற்றுவதில்லை. டார்கோ மிலிசிச்சை 2003இல் 2வதாக டெட்ராய்ட் எடுத்தது. கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவேன் வேட் மூவரும் அவருக்குப் பிறகே எடுக்கப்பட்டார்கள். 2004இல் கோப்பை வென்ற அணியில் 18 வயதுப் பையனுக்கு என்ன இடம் இருக்கும்? 2006 பிப்ரவரியில் ஆர்லாண்டோவுக்கு அனுப்பினார்கள். அங்கே நிமிஷம் கூடியது. ஆனால் ஆடாமல் கழிந்த இரண்டரை வருஷத்தை யாரும் திருப்பித் தரமுடியவில்லை. 18லிருந்து 21 வயது வரை ஒருவர் ஆடியே ஆகவேண்டும். அந்த வயதில் இருப்பவர் பெஞ்சிலும் ஆடாமல், ஜி லீகிலும் ஆடாமல் ஒரு சீசனைக் கழிக்கிறார் என்றால் அங்கிருந்து கிளம்புவதுதான் நல்லது. 24 வயதில் ஒரு சீசன் காத்திருப்பது அவ்வளவு ஆபத்தில்லை.

கேள்வி: வெளிநாட்டு லீகுக்குப் போனால் திரும்பி வர முடியுமா?

பதில்: முடியும். ஹசன் வைட்சைட் 2010இல் 33வதாக சாக்ரமென்டோ எடுத்தவர். விடப்பட்டு லெபனானிலும் சீனாவிலும் ஆடி, 2014 நவம்பரில் மயாமிக்கு வந்தார். 2016இல் நாலு வருஷத்துக்கு 9.8 கோடி டாலர். ஒப்பந்தம் எழுதும்போது என்.பி.ஏ. அழைத்தால் வெளியேறும் வழியும் அதற்கான தொகையும் அதில் இருக்கவேண்டும். அது இல்லாமல் கையெழுத்திட்டால், அழைப்பு வந்தபோதும் சர்வதேசச் சம்மேளனத்தின் அனுமதிக் கடிதம் கிடைக்காமல் மாட்டிக்கொள்வார். ஐரோப்பாவில் ஆட்டம் 40 நிமிஷம், ஐந்து ஃபவுலில் வெளியே. புள்ளிகள் குறைவாகத்தான் தெரியும். கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது தெரியும்.

கேள்வி: பிளே ஆஃபில் கோச் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வார் என்கிறார்கள். அப்படியானால் என் வீரருக்கு ஏப்ரலோடு சீசன் முடிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான், காயம் வராதவரை. 2025இல் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்திலும், பிளே ஆஃபுக்குத் தகுதி பெறுவதற்காக அடுத்து வந்த பிளே இன் ஆட்டத்திலும் குமிங்காவை ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை. மே மாதம் மினசோட்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரிக்குத் தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது. மூன்றாவது ஆட்டத்தில் குமிங்கா பெஞ்சிலிருந்து வந்து 30 புள்ளி அடித்தார். அணி தோற்றது. ஆனால் அந்தக் கோடைப் பேரத்தில் அவருடைய ஏஜென்ட் மேஜைமேல் வைப்பதற்கு அந்த ஆட்டம் இருந்தது.